கடிப்பூட்டு

நாய்க்குப் பல் பார்க்கிற டாக்டர் என்று என்னை யாருக்காவது அறிமுகம் செய்தால் பாதிப் பேர் சிரிப்பார்கள். மீதிப் பேர், "நாய்க்கும் பல்லு தேய்க்கணுமா டாக்டர்?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். பாளையங்கோட்டையில் நான் மருத்துவமனை திறந்த நாளிலிருந்து இதே கதைதான். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். கடிப்பூட்டுச் சட்டம் வந்த பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. வாசலில் வரிசை நின்றது.

கடிப்பூட்டு என்பது அரிசி அளவில் ஒரு கருவி. நாயின் கீழ்த்தாடையில், கோரைப்பல்லுக்குப் பின்னால் ஈற்றைக் கீறி, எலும்பில் பதித்துத் தைத்துவிட வேண்டும். நாயின் வாயில் மனிதத் தோல் பட்டால் அதற்குத் தெரிந்துவிடும். நம் வியர்வையும் தோலில் ஊறும் எண்ணெயும்தான் அதற்கு அடையாளம். தெரிந்த கணமே தாடை நரம்பை மரத்துப்போக வைக்கும். வாய் தொங்கிவிடும், கடிக்க முடியாது. சற்று நேரத்தில் தானாகச் சரியாகிவிடும். கூடவே கடித் தடுப்புத் துறைக்கு ஒரு தகவல் போகும், இந்த நாய் இன்ன நேரத்தில் கடிக்க முயன்றது என்று. அப்படிப்பட்ட முயற்சிகள் ஓர் அளவைத் தாண்டினால் அதன் பெயர் கடிநாய். காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும். காப்பகம் என்பது பெயரளவில்தான். உள்ளே போன நாய் எதுவும் திரும்பி வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

இந்தச் சட்டத்தை நான் எதிர்த்தவள் இல்லை. தெருவில் விளையாடிக்கொண்டிருந்த ஒரு குழந்தையை நாய்கள் குதறிப்போட்ட படத்தைப் பார்த்துவிட்டு ராத்திரி சோறு இறங்காமல் கிடந்தவள் நான். அந்தக் குழந்தையின் தாயிடம் போய்ச் சட்டம் தப்பு என்று சொல்ல இன்றைக்கும் எனக்கு நாக்கு வராது. ஆகவே பூட்டினேன். நானும் பூட்டினேன், துறை நடத்திய முகாம்களிலும் பூட்டினார்கள்.

அந்தப் புதன்கிழமை காலையில் தளவாய் வந்தார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். ஆள் நெடுநெடுவென்று இருந்தார். அவர் கையில் பிடித்திருந்த சிப்பிப்பாறை நாய் அவரைவிட ஒடிசலாக இருந்தது. சிப்பிப்பாறை ஒல்லியான சாதிதான், அதற்காக விலா எலும்பை எண்ணும்படியா இருக்கும்?

"எல்லாப் பல்லையும் பிடுங்கிருங்க டாக்டரம்மா," என்றார், உள்ளே வந்ததும் வராததுமாக.

"வணக்கம் சொல்லுத பழக்கமெல்லாம் கிடையாதோ அண்ணாச்சி?"

"வணக்கம். எல்லாப் பல்லையும் பிடுங்கிருங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பல் பிடுங்குவது என் தொழில்தான், ஆனால் நோய் இல்லாத பல்லில் நான் கை வைப்பதில்லை. அதைச் சொன்னேன். அவர் சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்து நீட்டினார். கடித் தடுப்புத் துறையின் அறிவிப்பு. உங்கள் வளர்ப்பு நாய் ஜமீன் கடிநாய் என்று அறிவிக்கப்படுகிறது, வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைக்கவும். ஒப்படைக்க விரும்பாவிட்டால், அதிகாரி முன்னிலையில் எல்லாப் பற்களும் நீக்கப்பட வேண்டும். பல் இல்லாத நாய்க்குப் பூட்டும் தேவையில்லை, வழக்கும் இல்லை. சட்டத்தில் அப்படி ஒரு வழி வைத்திருந்தார்கள்.

"ஜமீனா?"

"ஊட்டினாத்தான் சாப்பிடுவான். தானா வாய் வைக்க மாட்டான். அதான் எம் மவ அந்தப் பேரு வச்சா."

"யாரைக் கடிச்சான்?"

"சத்தியமா ஒருத்தரையும் கடிக்கல டாக்டரம்மா. பால்காரர் வாலை மிதிச்சாக்கூட நவுந்து படுப்பான்."

எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள். நான் காது கொடுக்கவில்லை. ஆனால் அடுத்து அவர் சொன்னதைக் கேட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டேன்.

"முகாம்ல பூட்டு வச்சதிலேருந்து இவன் ஒரு மாதிரியா இருக்கான். திடீர்னு வாய் தொங்கிருது, எச்சில் ஒழுகுது. நான் சோறு வச்சா வாலைச் சுருட்டிக்கிட்டு ஓடுதான்."

வாய் தொங்குவதும் எச்சில் ஒழுகுவதும் சோற்றைக் கண்டு ஓடுவதும் எதன் அறிகுறி என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். வெறிநாய்க்கு இருக்கும் லட்சணம் அது. "தடுப்பூசி போட்டிருக்கா?" என்றேன். வருடம் தவறாமல் போட்டதற்குச் சான்று வைத்திருந்தார். இருந்தாலும் தடித்த கையுறையை மாட்டிக்கொண்டுதான் ஜமீனின் வாயைத் திறந்தேன். அது ஒரு முனகல் இல்லாமல் காட்டியது. அப்படி ஒரு பல்வரிசையை நான் பார்த்து நாளாகிறது. ஈறு ஆரோக்கியமாக இருந்தது, பூட்டு வைத்த தையலும் ஆறியிருந்தது. இடுக்கியில் ஒரு பிஸ்கட்டை எடுத்து நீட்டினேன். ஒரே கவ்வு. இன்னொன்று நீட்டினேன், அதையும் விழுங்கிவிட்டு இடுக்கியையே பார்த்தது.

"பசியில இருக்கான் அண்ணாச்சி. சீக்கு ஒண்ணும் இல்ல. பட்டினி போட்டிருக்கீங்க."

தளவாய்க்கு முகம் சிவந்துவிட்டது. "பட்டினியா? நானா?" என்றவர் பையிலிருந்து தன்னுடைய மதியச் சாப்பாட்டு டப்பாவை எடுத்துத் திறந்தார். தயிர்ச்சோறு. ஒரு கவளம் உருட்டி நாயின் முன்னால் நீட்டினார். ஜமீன் ஆசையாக முகத்தைக் கொண்டுவந்தது, நாக்கை நீட்டியது, சோற்றை வாங்கியது. வாங்கிய வேகத்தில் கீழ்த்தாடை தொங்கிவிட்டது. சோறு தரையில் விழுந்தது. எச்சில் கோடாக ஒழுக, நாய் பின்னாலேயே நகர்ந்து என் மேசைக்கு அடியில் போய்ச் சுருண்டுகொண்டது.

மேசைமேல் இருந்த பூட்டு பார்க்கும் கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தது. கடி முயற்சி, என்று எழுத்து ஓடியது.

"பாத்தீங்களா?" என்றார் தளவாய். "இப்ப என்னையக் கடிச்சானா?"

தரையில் கிடந்த சோற்றையே பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டில் இவர் கையால் பிசைந்த சோறு. இவர் கையால் உருட்டிய கவளம். இவருடைய வியர்வையும் கை எண்ணெயும் ஒவ்வொரு பருக்கையிலும் இருக்கிறது. அந்த அரிசி அளவுக் கருவிக்குச் சோறு எது கை எது என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

கருவி செய்த நிறுவனத்துக்கு அப்போதே போன் போட்டேன். பெங்களூரிலிருந்து ரோஷன் என்ற பொறியாளர் பேசினார். சென்னைப் பையன், மரியாதையாகத்தான் பேசினார்.

"மேடம், டெஸ்ட் பண்ணின நாய்ங்க எல்லாத்துக்கும் பாக்கெட் தீவனம்தான். கிண்ணத்துல கொட்டிடுவாங்க, அதுவே சாப்பிடும். யாரு மேடம் கையால பிசைஞ்சு நாய்க்குப் போடுறாங்க?"

"எங்க ஊர்ல எல்லாரும்."

"அப்ப ஸ்பூன்ல கலந்து போடச் சொல்லுங்க மேடம். அடுத்த மாடல்ல பாக்கலாம்."

"ஏற்கனவே கடிநாய்னு எழுதினதை யாரு அழிப்பா?"

"அது துறை கையில இருக்கு மேடம். நாங்க கருவி மட்டும்தான்."

போனை வைத்தேன். காப்பகத்துக்குப் போன நாய்கள் பெரும்பாலும் எந்தத் தெருக்களிலிருந்து போயின என்று இப்போது விளங்கியது. பாக்கெட் தீவனம் போடுகிற பங்களா நாய்கள் எதுவும் கடிநாய் ஆகவில்லை. சோறு பிசைந்து போடுகிற வீட்டு நாய்கள்தாம் ஆயின. "அந்த ஏரியா ஆளுங்களுக்கு நாய் வளக்கத் தெரியாது" என்று துறையின் கூட்டத்தில் ஒருவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நானும் தலையாட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்து குத்தாலிங்கத்துக்குப் போன் போட்டேன். எங்கள் வட்டாரத்துக் கடித் தடுப்பு அதிகாரி அவர். கறாரான மனுஷன், கை சுத்தம். எந்தக் கட்சிக்காரர் நாய்க்காகப் பேசினாலும் வளைந்து கொடுக்காதவர் என்று பெயர். நான் கண்டதை எல்லாம் விவரமாகச் சொன்னேன். முழுவதையும் கேட்டார்.

"மெசின் பொய் சொல்லாது டாக்டர்," என்றார். "மனுசன்தான் சொல்லுவான்."

"சார், என் கண்ணால பாத்தேன்."

"நாயி வச்சிருக்கவங்க எல்லாரும் எங்கிட்ட கதை சொல்லுதாங்க. ஒருத்தருக்கு ஒரு சட்டம், இன்னொருத்தருக்கு ஒரு சட்டம்னு என்னால பண்ண முடியாது. வெள்ளிக்கிழமை ஒப்படைக்கணும். இல்ல, பல்லைப் பிடுங்கணும். பிடுங்குததா இருந்தா சொல்லுங்க, நான் வந்து பாத்துக் கையெழுத்துப் போடுதேன்."

குரலில் ஒரு பதற்றம் இருந்ததை அப்போது நான் கவனிக்கவில்லை. திமிர் பிடித்தவன், என்று வாய்க்குள் திட்டிக்கொண்டு வைத்தேன்.

தளவாய் அதுவரை பொறுமையாக நின்றிருந்தார். "பல்லு போனாலும் உயிரோட இருப்பான்லா டாக்டரம்மா?"

"இருப்பான். பிசைஞ்ச சோறு நல்லாச் சாப்பிடுவான். ஆனா ஆரோக்கியமா இருக்க பல்லு அண்ணாச்சி. எனக்கு மனசு வரல. கரண்டியில போட்டுப் பழக்குங்க, நான் மேல எழுதிப் பாக்குதேன்."

"எழுதிப் பதில் வரதுக்குள்ள வெள்ளிக்கிழமை போயிரும்." கீழே பார்த்துக்கொண்டு சொன்னார். "அப்புறம், கரண்டியெல்லாம் அவளால பிடிக்க முடியாது. எம் மவளால. நீங்க ஒரு தடவை வீட்டுக்கு வாங்க. அவகிட்ட பல்லு பிடுங்குத விசயத்தை மட்டும் சொல்லிராதீங்க. ஏதோ பல்லுல சீக்குன்னு சொல்லிருவோம்."

பொய் சொல்லமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

சமாதானபுரத்தில் சின்ன வீடு. முன்னறையிலேயே ஜன்னலை ஒட்டிக் கட்டில் போட்டிருந்தார்கள். அதில் சாய்ந்து உட்காரவைக்கப்பட்டிருந்த பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். இரண்டு வருடத்துக்கு முன்னால் கல்லூரி மாடிப்படியில் விழுந்து கழுத்தெலும்பில் அடி. கழுத்துக்குக் கீழே வலது கை விரல்களும் மணிக்கட்டும் மட்டும் அசையும். அம்மா நூற்பாலைக்கு வேலைக்குப் போயிருந்தாள்.

"பேரு ஆவுடை. சிரிக்கணும்னா இப்பவே சிரிச்சிருங்க டாக்டர்," என்றாள். "என்கூடப் படிச்சதுங்களுக்கெல்லாம் ஸ்டைலா பேரு. எங்கப்பா மட்டும் குலதெய்வத்துக்குப் பயந்துட்டாரு."

"நாய்க்கு ஜமீன்னு வச்ச ஆளு பேசுத பேச்சா இது?"

அவள் சிரித்தாள். எனக்கு அவளை உடனே பிடித்துப்போயிற்று. அதுதான் கஷ்டமாகவும் போயிற்று.

அவளுக்குச் சாப்பாட்டு நேரம். தளவாய் முதலில் அவளுக்கு ஊட்டினார். பிறகு இன்னொரு தட்டில் கொஞ்சம் சோறு போட்டு, குழம்பு ஊற்றி, அவள் மடியில் பலகையை வைத்து அதன்மேல் தட்டை வைத்தார். ஆவுடை விரல்களால் சோற்றை அழுத்தினாள். ஒரு கவளம் உருட்ட அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று. ஜமீன் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்று, பறிக்காமல், அவசரப்படாமல் காத்திருந்தது. அவள் மணிக்கட்டைத் திருப்பிக் கையைக் கட்டில் ஓரமாகச் சரித்தாள். நாய் அவள் விரலிலிருந்து சோற்றை வாங்கியது. தாடை தொங்கியது. சோறு பாயில் விழுந்தது. நாய் அங்கேயே படுத்துக்கொண்டது.

ஓடவில்லை. என் மேசைக்கடியில் போய்ச் சுருண்ட நாய் இங்கே ஓடவில்லை. தாடை சரியானதும் எழுந்தது, மறுபடியும் அவள் கைக்கு வாயைக் கொண்டுவந்தது.

"போதும்," என்று அவள் கையைப் பிடித்துவிட்டேன். "ஊட்டாதம்மா."

"அப்பா குடுத்தா ஓடுதான். எங்கிட்ட மட்டும் திரும்பத் திரும்ப வாரான். ஆனா ஒரு வாய்கூட உள்ள போக மாட்டேங்கு. என்ன டாக்டர் அவனுக்கு?"

தளவாய் என்னைக் கெஞ்சுகிற மாதிரிப் பார்த்தார். நான் சொல்லிவிட்டேன். பூட்டைச் சொன்னேன், கையில் ஊறும் எண்ணெயைச் சொன்னேன், சிவப்பு விளக்கைச் சொன்னேன், வெள்ளிக்கிழமையைச் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அப்ப, நான் ஊட்டின ஒவ்வொரு வாய்க்கும் அவன் மேல ஒரு கேஸா?"

"ஆமாம்மா."

"வாய் மரத்துப்போகும்னு தெரிஞ்சுதான் எங்கிட்ட வந்தானா?"

"தெரிஞ்சிருக்கும்."

அவள் அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொள்ள அவளால் முடியாது. தளவாய் துண்டால் துடைத்துவிட்டார். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது.

"எல்லாரும் எனக்கு ஊட்டுதாங்க டாக்டர்," என்றாள் பிறகு. "அம்மா, அப்பா, பக்கத்து வீட்டு அத்தை. நான் ஒருத்தருக்கு ஊட்டணும்னா இவன்தான் இருக்கான். வேற ஒண்ணுக்கும் இந்தக் கை உதவாது. அதுலயும் இவனைக் கொல்லப் பாத்திருக்கேன்."

"நீ எங்க கொல்லப் பாத்த? அறிவு கெட்ட மெசினைச் செஞ்சவன் பண்ணினதுக்கு நீ எதுக்கு அழுத?" என்று நான் கத்தினேன். நோயாளி வீட்டில் இப்படிக் கத்துவது என் வழக்கமில்லை. என் அழுகையை மறைக்கத்தான் கத்தினேன்.

அவள் ஜமீனைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"வெளியூர்ல யார்கிட்டயாவது விட்டுரலாமா? பல்லோட இருக்கட்டும்."

"எங்க போனாலும் அந்தப் பூட்டு காட்டிக் குடுத்துரும்மா. பூட்டை மட்டும் எடுத்தா எனக்கும் அப்பாவுக்கும் ஜெயிலு."

"பல்லைப் பிடுங்கினா வலிக்குமா?"

"மயக்கத்துல தெரியாது. முழிச்ச பிறகு கொஞ்ச நாள் வலிக்கும். மருந்து தாரேன். அப்புறம் பழகிரும்."

"எனக்கும் அதைத்தான் சொன்னாங்க," என்றாள் ஆவுடை. பிறகு, "பிடுங்கிருங்க. உயிரோட இருக்கட்டும்," என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையில் தளவாய் ஜமீனைக் கொண்டுவந்து விட்டுவிட்டு உடனே திரும்பிப் போனார். அன்றைக்கு மகளோடு வீட்டில் இருக்க வேறு ஆள் இல்லை. போகும்போது நாயின் தலையைத் தடவவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. பார்த்தால் கூட்டிக்கொண்டு போய்விடுவார் என்று எனக்கே தெரிந்தது. குத்தாலிங்கம் குறித்த நேரத்துக்கு வந்தார். முடி நரைத்த, சட்டை கசங்காத மனிதர். தோளில் ஒரு பை. வந்ததிலிருந்து நாயின் பக்கம் திரும்பாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மயங்கினதும் கூப்பிடுங்க. பல்லை எடுக்கும்போது நான் நிக்கணும்னு விதி," என்று சொல்லிவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார்.

மயக்க ஊசி போட்டு, மூச்சுக்குழாய் வைத்து, இதயத்துடிப்புக் கருவியை மாட்டினோம். என் உதவியாளர் பாக்கியம் ஜமீனின் உதட்டை விலக்கிப் பிடித்துக்கொண்டாள். முறைப்படி முதலில் பூட்டை எடுக்க வேண்டும், பிறகுதான் பற்கள். ஈற்றைக் கீறினேன். பூட்டு சுலபமாக வந்துவிட்டது. அதை ஒரு கிண்ணத்தில் போட்டேன். இன்னும் உயிரோடுதான் இருந்தது, பச்சைப் புள்ளியாக மினுங்கிக்கொண்டிருந்தது.

அதிகாரியைக் கூப்பிடுமுன், பிடி சரியா என்று பார்க்கக் குறடை எடுத்துக் கோரைப்பல்லில் வைத்தேன். வைத்த கையை அழுத்த முடியவில்லை. வெள்ளை வெளேரென்று அப்படி ஒரு பல். இதைப் பிடுங்கத்தான் இத்தனை வருடம் படித்தேனா என்று இருந்தது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. குறடைக் கீழே போட்டேன்.

"மயக்கத்தைப் பாத்துக்க பாக்கியம். இந்தா வந்துட்டேன்," என்று கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

குத்தாலிங்கம் மடியில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தயிர்ச்சோறுதான், ஓரத்தில் ஒரு மாவடு. இன்னும் கை வைக்கவில்லை.

"யாரு பிசைஞ்சது சார்?"

"நான்தான். வீட்டுல வேற யாரு இருக்கா," என்றார், ஒன்றும் புரியாமல்.

நான் கேட்காமலே பூட்டை அவர் சோற்றில் போட்டு விரலால் அழுத்தினேன். என் கையில் கையுறை இருந்தது, அதையும் அவருக்குக் காட்டினேன். "என்ன டாக்டர் இது அசிங்கமா," என்று அவர் எழுந்திருக்கப் பார்த்தார். அதற்குள் அவருடைய சட்டைப் பையில் கைப்பேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். வட்டாரத்தில் நடக்கும் ஒவ்வொரு கடி முயற்சியும் அவருக்குத்தான் வரும்.

"வாசிங்க சார்."

அவர் வாசிக்கவில்லை. நான் எட்டிப் பார்த்து வாசித்தேன். "நாய், ஜமீன். சமாதானபுரம். கடி முயற்சி. நேரம், இப்ப." பிறகு கதவைத் திறந்துவிட்டேன். "அந்த நாயி அங்க கிடக்கு. தொண்டையில குழாயைச் சொருகிக்கிட்டு, நாலு காலும் நீட்டிக் கிடக்கு. யாரைக் கடிச்சுது சார்? உங்க சோத்தைத்தான் கடிச்சுது."

கைப்பேசி மறுபடியும் அதிர்ந்தது. மறுபடியும்.

"அதை எடுங்க," என்றார். "எடுங்க டாக்டர்."

நான் எடுக்கவில்லை. அவர் திட்டுவார், மேலிடத்துக்குப் புகார் எழுதுவார் என்று எதிர்பார்த்து நின்றேன். திருப்பிக் கொடுக்க வாய் நிறைய வைத்திருந்தேன். ஆனால் அவர் டப்பாவைப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"எங்க வீட்டுலயும் ஒண்ணு இருந்துச்சு," என்றார் கைகளுக்குள்ளேயே. "பட்டுன்னு பேரு. பொட்டைக் குட்டி. என் சம்சாரம் போன பிறகு நானும் அதுவும்தான். நான் பிசைஞ்சு போட்டாத்தான் திங்கும்."

கிண்ணத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

"பூட்டு வச்ச பிறகு வாய் தொங்குச்சு. எச்சில் ஒழுகுச்சு. எனக்குத் தெரியாதா, வெறிக்கு அதானே அடையாளம்? போன்ல ஒண்ணு மாத்தி ஒண்ணு வருது, பட்டு கடிக்க வந்துச்சுன்னு. நான் அதிகாரி. ஊரான் வீட்டு நாயை எல்லாம் பிடிச்சுட்டு எம் வீட்டு நாயை வச்சுக்கிட்டா நாலு பேர் என்ன சொல்லுவான்? அறிவிப்பு வர வரைக்கும்கூடக் காத்திருக்கல. நானே கொண்டுபோய் விட்டேன். காப்பகத்துக் கேட்டு வரைக்கும் வாலை ஆட்டிக்கிட்டே வந்துச்சு."

"எப்ப சார்?"

"போன மாசம்."

அன்றைக்குப் போனில் அவர் குரலில் இருந்த பதற்றம் எனக்கு அப்போதுதான் உறைத்தது. மெசின் பொய் சொல்லாது என்றாரே, பொய் சொல்லியிருந்தால் அவர் எப்படித் தூங்குவார்? நான் அவரைத் திமிர் பிடித்தவன் என்று திட்டியிருந்தேன். சோற்றிலிருந்து பூட்டை எடுத்துத் துடைத்துக் கிண்ணத்தில் போட்டேன். அவர் முகத்திலிருந்து கையை எடுத்தபோது பத்து வயது கூடினவர் மாதிரி இருந்தார்.

"பல்லை எடுத்ததாக் கையெழுத்துப் போட்டுருதேன்," என்றார். "தைச்சு அனுப்பிருங்க. யாருக்கும் தெரியாது."

அந்த நிமிடம் எனக்கு அதுவே போதும் என்றுதான் இருந்தது. ஜமீன் பல்லோடு வீட்டுக்குப் போவான். ஆவுடை நாளைக்கே ஊட்டுவாள். தளவாய்க்கு ஜெயில் இல்லை, எனக்கும் இல்லை. சரி சார் என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். ஆனால் காப்பகம் ஞாபகம் வந்தது.

"இப்ப அங்க எத்தனை நிக்குது சார்?"

அவர் மறுபடியும் சுவரைப் பார்த்தார்.

"பொய்க் கையெழுத்துப் போட்டா ஜமீன் பிழைப்பான். இன்னைக்கு ஊசி போட வரிசையில நிக்குததெல்லாம்? அதுகளும் சோறு திங்கத்தானே போயிருக்கும்?"

"தெரியுது டாக்டர்." எரிச்சலோடு சொன்னார். "நிறுத்தணும்னா ஏன்னு சொல்லணும். சொன்னா, இது வரைக்கும் போனதெல்லாம் என்னன்னு கேப்பாங்க. வாசல்ல வந்து நிப்பாங்க. ஒவ்வொருத்தரும் வந்து கேப்பாங்க, எம் பிள்ளையை எதுக்குடா கொன்னன்னு. நான் என்ன சொல்ல?"

"எனக்குத் தெரியாது சார்," என்றேன். உண்மையிலேயே எனக்குத் தெரியவில்லை. "நானும் பூட்டினவதான். என்னையும் கேப்பாங்க."

உள்ளேயிருந்து பாக்கியம் கூப்பிட்டாள். மயக்கத்தை அதிக நேரம் நீட்டக்கூடாது. பல்லை எடுப்பதாக இருந்தால் இப்போது எடுக்க வேண்டும், இல்லை என்றால் தைக்க வேண்டும். நான் கதவில் கை வைத்தபடி அவரைப் பார்த்தேன்.

குத்தாலிங்கம் எழுந்தார். மேல் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். கதவு வழியாக ஜமீனை முதல் தடவையாக நேராகப் பார்த்தார்.

"பல்லைத் தொடாதீங்க," என்றார். "தைச்சிருங்க."

"பூட்டை மறுபடி வைக்கவா?"

"வேண்டாம். அதை எங்கிட்ட குடுங்க. சோத்தோட சேத்து மேல அனுப்புதேன். பொய்க் கையெழுத்தெல்லாம் போடல."

கிண்ணத்தை வாங்கிக்கொண்டு கைப்பேசியில் ஓர் எண்ணை அழுத்தினார். காப்பகத்து ஆள் எடுத்த சத்தம் எனக்கும் கேட்டது.

"இன்னைக்கு எந்த நாய்க்கும் ஊசி போடாதீங்க. ஆமா, ஒண்ணுக்கும் கிடையாது. எடுத்து வச்ச மருந்தைத் திருப்பி உள்ள வைங்க."

ஏன் சார், திடீர்னு என்னாச்சு, என்று அந்தப் பக்கம் கேட்டது.

குத்தாலிங்கம் கிண்ணத்தில் மினுங்கிய பூட்டைப் பார்த்தார்.

"எங்க பட்டு யாரையும் கடிக்கல வே," என்றார். "அது சோறு திங்கத்தான் வந்துச்சு."

நான் உள்ளே போய் ஊசியில் நூல் கோத்து, ஜமீனின் ஈற்றைத் தைக்க ஆரம்பித்தேன்.